மல்லாட்டைக் கொல்லையில் மயில்: வேட்டை விதி ஊருக்கு ஊர் மாறுமா?

தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலா கொண்டுவந்திருந்த பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர், எடைக்குக் காத்திருந்த நேரத்தில் என்னிடம் கேட்டார். "சார், தமிழ்நாட்டுல காட்டுப்பன்றியைச் சுட ஆர்டர் போட்டுட்டாங்க. கேரளாவுல பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு கொடுக்கிறாராம். நம்ம புதுச்சேரியில மயிலுக்கு எப்ப சார் வரும்?" பக்கத்தில் நின்ற இளைஞர் தன் கைப்பேசியை நீட்டினார். அமெரிக்காவில் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காட்டில் பத்துப் பேர் துப்பாக்கியோடு வரிசையாக நடக்கிறார்கள். நீண்ட வால் பறவைகள் எழும்ப எழும்பச் சுடுகிறார்கள். "இதுவும் மயில் ஜாதிதானே சார்? அங்க மட்டும் எப்படி விடுறாங்க?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். விதைத்த மல்லாட்டையை மூன்று நாள் காலையில் மயில் கிளறித் தின்றுவிட்டால், மறுவிதைப்புக்கு விதையும் ஆளும் தேடி அலைகிறவருக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் இதற்கு அரைகுறையான பதிலை யாரிடமோ கேட்டுக்கொண்டு, நெல்லில் மருந்து கலந்து வரப்பில் தூவியவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். மயில்கள் இறந்துகிடந்தன, விவசாயி கைது என்ற செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. அதனால் எந்தப் பறவைக்கு எங்கே என்ன விதி, உங்களால் என்ன செய்ய முடியும், எதைத் தொடவே கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வீடியோவில் இருக்கும் பறவை

அதன் பெயர் ஃபெசன்ட். நம் மயில், காட்டுக்கோழி, கவுதாரி, காடை எல்லாம் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தரையில் கிளறி மேயும், தரையிலேயே முட்டையிடும், நெடுந்தூரம் பறக்காது. வீட்டுக் கோழியும் இந்தக் குடும்பம்தான். செம்போத்தை வெள்ளைக்காரர்கள் முன்பு காக்கை ஃபெசன்ட் என்று எழுதிவைத்ததால் அதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பது உண்டு. அது தவறு. செம்போத்து குயில் இனம். நத்தை, புழு, எலிக்குஞ்சு தின்று நமக்கு வேலை செய்யும் பறவை. அதன் கறி மருந்து என்று நம்பிப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலம் இந்த வேட்டைக்குப் பெயர் பெற்றது. அங்கே ஃபெசன்ட்தான் மாநிலப் பறவை. அதையே உரிமம் வாங்கிச் சுடுகிறார்கள். அக்டோபரில் பருவம் தொடங்கும். ஒருவர் ஒரு நாளில் 3 சேவல் மட்டுமே சுடலாம். பெட்டையைச் சுட்டால் குற்றம். காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்பது கோழி வளர்க்கும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உபரிச் சேவல் குறைந்தால் அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் குறையாது.

பிரிட்டனில் விதி வேறு. இங்கிலாந்தில் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை சுடலாம். வட அயர்லாந்தில் ஜனவரி 31 அன்றே முடிந்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக் கூடாது. அங்கே சுடப்படும் பறவைகளில் பெரும்பாலானவை பண்ணையில் பொரித்து வளர்த்து, வேட்டைக்கென்றே காட்டில் விடப்படுபவை. அமெரிக்காவில் இருப்பதும் 19-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கொண்டுபோய் விட்டவற்றின் வழிவந்தது. ஆக இரண்டு நாட்டிலும் அது கொண்டுவந்து பெருக்கிய பறவை. நாம் ஏரியில் மீன்குஞ்சு விட்டுப் பிடிப்பதுபோல அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். நம் மயில் அப்படியல்ல. இது இந்த மண்ணின் பறவை, 1963 முதல் தேசியப் பறவை.

வெகுதூரம் போகாமலே இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. நம் கொல்லையில் ஓடும் அதே கவுதாரியைப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் குளிர்காலத்தில் சில வாரங்கள் உரிமம் பெற்றுச் சுடலாம். இங்கே அதே பறவையைக் கண்ணி வைத்துப் பிடித்தால் வழக்கு.

இங்கேயும் ஒரு காலத்தில் விதி மாறியது

வயதானவர்கள், "எங்க தாத்தா காலத்துல கவுதாரி வேட்டைக்குப் போவாங்க, யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொல்வார்கள். பொய்யில்லை. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளுக்கு 1912-இல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மயில், காட்டுக்கோழி, கவுதாரி, காடை, வாத்து போன்றவற்றை இன்னின்ன மாதங்களில் பிடிக்கக் கூடாது என்று அந்தந்த மாகாண அரசு அறிவிக்கலாம் என்றது அந்தச் சட்டம். மற்ற மாதங்களில் பிடிக்கலாம். புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயர் சட்டம் இங்கே செல்லாது. பாகூர்ப் பக்கத்து வயலில் நிற்பவருக்கும் கடலூர் பக்கத்து வயலில் நிற்பவருக்கும் அன்று ஆட்சியும் வேறு, சட்டமும் வேறு.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து வந்ததுதான் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972. அதிலும் தொடக்கத்தில் வேட்டைக்கு உரிமம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. சிறு வேட்டை உரிமம் என்று தனியாகவே ஒன்று உண்டு. 1991-இல் செய்த திருத்தம் அந்த உரிமங்களை அடியோடு எடுத்துவிட்டது. அதன்பிறகு இந்தியாவில் பொழுதுபோக்குக்கோ கறிக்கோ காட்டு விலங்கு, பறவை வேட்டைக்குப் பருவமும் இல்லை, உரிமமும் இல்லை. தாத்தா செய்ததைப் பேரன் செய்ய முடியாமல் போனது இப்படித்தான்.

பன்றிக்கு வந்த உத்தரவு மயிலுக்கு ஏன் வராது

இதுதான் பாகூர் விவசாயி கேட்ட கேள்வியின் மையம். சட்டம் விலங்குகளை அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. 2022-இல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இப்போதைய வடிவத்தில், உயிரினங்களுக்கு முக்கியமானவை இரண்டு அட்டவணைகள். முதல் அட்டவணையில் இருப்பவற்றுக்கு உச்ச பாதுகாப்பு. யானை, புலி, மயில் எல்லாம் அங்கே. காட்டுப்பன்றி, கவுதாரி, காடை இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன.

இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ, உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டால், அதைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம், காரணம் காட்டி அனுமதி கொடுக்கலாம். உடைமை என்பதில் நிலத்தில் நிற்கும் பயிரும் அடங்கும் என்று சட்டப் பிரிவு 11 வெளிப்படையாகவே சொல்கிறது. முதல் அட்டவணை விலங்குக்கு இந்த வழி கிடையாது. அது மனித உயிருக்கு ஆபத்தாக இருக்க வேண்டும், அல்லது மீள முடியாத ஊனமோ நோயோ கொண்டிருக்க வேண்டும். பயிர்ச் சேதம் அங்கே ஒரு காரணமே அல்ல. மயில் உங்கள் நாற்றங்கால் முழுவதையும் மிதித்துத் தின்றாலும், எந்த மாநிலத்து அதிகாரியும் அதைச் சுட உத்தரவு போட முடியாது. அதிகாரி மனது வைக்கவில்லை என்று அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்கு அந்த அதிகாரமே இல்லை.

இனி மாநில உத்தரவுகளைப் பாருங்கள். கேரள அரசு 2022-இல் ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோரைக் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக்கியது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைத் துப்பாக்கி உரிமம் உள்ளவரைக் கொண்டு சுட அவர்கள் அனுமதி தரலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு மாதிரி வகுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையினர். விவசாயி அல்ல. "ஆர்டர் வந்துடுச்சு" என்று பேசுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. மத்திய அரசே ஒரு விலங்கை, குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு, தீங்குயிர் என்று அறிவிக்கலாம். 2015-இல் பீகாரின் சில மாவட்டங்களில் நீலான் என்ற மானினத்துக்கும் காட்டுப்பன்றிக்கும், 2016-இல் உத்தரகாண்டில் பன்றிக்கும், இமாச்சலப் பிரதேசத்தில் குரங்குக்கும் அப்படி அறிவித்தார்கள். அதே 2016-இல் கோவாவில் அப்போதைய வேளாண் அமைச்சர் மயிலையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று பேசி, பெரிய எதிர்ப்பு எழுந்து, அதோடு போயிற்று. முதல் அட்டவணை விலங்கைத் தீங்குயிர் என அறிவிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

புதுச்சேரிக்காரர்கள் இதில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் நிலப்பரப்பு துண்டு துண்டானது. மண்ணாடிப்பட்டில் வரப்பைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். பாகூரில் வாய்க்காலைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு, மாஹேயைச் சுற்றிக் கேரளம், ஏனாமைச் சுற்றி ஆந்திரம். மத்தியச் சட்டம் எல்லா இடத்துக்கும் ஒன்றே. ஆனால் தமிழ்நாடு அரசின் உத்தரவு தமிழ்நாட்டு நிலத்தில் மட்டும்தான் செல்லும். கேரளத்து ஊராட்சித் தலைவர் கொடுக்கும் அனுமதி மாஹேயில் செல்லாது. மைத்துனர் கொல்லை தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே அனுமதி வாங்கியிருக்கிறார்கள், நம் கொல்லைக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினால், வரப்புக்கு இந்தப் பக்கம் விழும் விலங்குக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நிலம் எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த அரசின் வனத்துறைக்குத்தான் மனு.

இலங்கையிலும் இந்தத் தொல்லை உண்டு. பயிரை அழிக்கும் குரங்கு, மலை அணில், மயில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, ஐந்தே நிமிடத்தில், நாடு முழுக்க விவசாயிகளை வைத்தே கணக்கெடுத்தார்கள். கணக்கின் துல்லியத்தைப் பற்றி விவாதம் உண்டு. ஆனால் விவசாயியின் சேதத்தை ஒரு அரசு உட்கார்ந்து எண்ண முன்வந்தது எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரிலும் கொம்யூன் வாரியாகச் சேதக் கணக்கு எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கணக்கு இல்லாத நட்டத்துக்குத் திட்டம் வராது.

எதெல்லாம் வேட்டை

துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி, சுருக்கு, பொறி வைத்துப் பிடிப்பது, இரை காட்டி மடக்குவது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டை. முயற்சி செய்வதும் சேரும். பறவையின் முட்டையை எடுப்பது, உடைப்பது, கூட்டைக் கலைப்பதும் அதே பிரிவில் வரும். மயில் முட்டையை எடுத்துவந்து அடைக்கோழிக்கு வைத்துப் பொரிப்பது நம் கிராமங்களில் ஒரு விளையாட்டுப்போல நடக்கிறது. அது மூன்று ஆண்டு சிறைக்கான காரியம். கவுதாரிக் குஞ்சைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பதும் குற்றமே. பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை வேறு. காட்டில் பிடித்த காடை வேறு. சாலையோரம் கட்டித் தொங்கவிட்டு விற்கும் காட்டுக் காடையையும் கவுதாரியையும் வாங்குபவரும் மாட்டுவார்.

மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினத்துக்குத் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரையிலான சிறை. அபராதம் ரூ.25,000-க்குக் குறையாது. இரண்டாம் அட்டவணைக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊசுடு ஏரி போன்ற சரணாலய எல்லைக்குள் நடந்தால் இன்னும் கடுமை. கறியோ தோலோ உங்களிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. தானாக உதிர்ந்த மயில் தோகையை வைத்திருப்பதற்கு மட்டும் தடையில்லை. அதையும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று நாட்டுத் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த உரிமம் ஆயுதச் சட்டத்தின்கீழ் துப்பாக்கியை வைத்துக்கொள்ளக் கொடுத்தது. விலங்கைச் சுடக் கொடுத்ததல்ல. சுட வன உயிரினச் சட்டத்தின்கீழ் தனி உத்தரவு வேண்டும். ஏர்கன்னுக்கும் உண்டிவில்லுக்கும் இதே கதைதான்.

விஷம் வைக்காமலே வழக்கில் மாட்டும் விதம்

இதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். பல மயில் சாவுகளில் கொல்லும் எண்ணம் இருப்பதில்லை. எலிக்கு வைத்த ஜிங்க் பாஸ்பைடு பொரியை, வரப்பில் திறந்து வைத்தால் காலையில் முதலில் வருவது மயிலும் கவுதாரியும்தான். எலி மருந்தை வளைக்குள் வைத்து வாயைச் சேற்றால் மூடுங்கள். மறுநாள் போய், எலி தள்ளிவிட்ட மருந்தைப் பொறுக்கிப் புதையுங்கள். புரோமடியோலோன் 0.005 சத வில்லைகளையும் வளைக்குள் மட்டுமே வைக்க வேண்டும். செத்த எலியையும் ஆழமாகப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தின்ற ஆந்தை சாகும். ஆந்தை செத்தால் அடுத்த போகத்தில் எலி கூடும், அந்த நட்டமும் உங்களுக்குத்தான்.

அடுத்தது விதைநேர்த்தி. பூச்சிமருந்து கலந்த மல்லாட்டை விதையும் மக்காச்சோள விதையும் விதைக்கும்போது சால் ஓரத்திலும் வரப்பு முனையிலும் சிந்தும். வேலை முடிந்ததும் ஒரு ஆளை விட்டுச் சிந்திய விதையைப் பொறுக்கச் சொல்லுங்கள். மீந்த விதையைக் கோழிக்கும் போடாதீர்கள், களத்திலும் கொட்டாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள். பழைய குருணை மருந்து, குறிப்பாக போரேட், இன்னும் சில வீட்டுப் பரணில் இருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அதன் விற்பனையும் பயன்பாடும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதை வைத்திருந்து, பக்கத்தில் ஒரு மயில் செத்துக் கிடந்தால், நீங்கள் சொல்லும் எந்த விளக்கத்தையும் நம்புவது கடினம்.

கொல்லையில் மயில் செத்துக் கிடந்தால் யாருக்கும் தெரியாமல் புதைக்க வேண்டாம். இறந்த வனவிலங்கு அரசுச் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் சொல்வது, பார்த்த உடனே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், பறவையைத் தொடாதீர்கள். கால்நடை மருத்துவர் உடற்கூறு ஆய்வில் காரணம் தெரிந்துவிடும். நாய் கடித்தோ மின்கம்பியில் பட்டோ செத்த மயிலைப் பயந்து புதைத்து, பிறகு அதுவே சந்தேகத்துக்கு இடமாகிப்போனால் அது வீண் வம்பு.

பன்றிக்கு என்று கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் விடுவது மிக மோசமானது. அதில் பன்றியைவிட மனிதர்கள் அதிகம் சிக்குவார்கள். இரவில் தண்ணீர் கட்டப் போன பக்கத்துக் கொல்லைக்காரர், வீட்டு மாடு, சில நேரம் வேலி போட்டவரே. மின் திருட்டு வழக்கும் உயிர்ச்சேத வழக்கும் சேர்ந்தே வரும். பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் அப்படியே.

சரி, மயிலை எப்படித்தான் தடுப்பது

மயில் பூச்சியைத் தின்கிறது, பாம்பைத் தின்கிறது என்று எங்களைப் போன்றவர்கள் மேடையில் சொல்வோம். உண்மைதான். ஆனால் விதைத்த பத்து நாளில் வயல் காலியானவருக்கு அது ஆறுதல் ஆகாது. தரிசில் சீமைக்கருவேலம் மண்டியதும், நரி, காட்டுப்பூனை குறைந்ததும் மயிலுக்கு வசதியாகிவிட்டன என்பது என் எண்ணம். எண்ணிக்கை உடனே குறையாது. அதனால் பயிரைக் காப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

மயிலின் பழக்கத்தைப் பார்த்தால் வழி கிடைக்கும். இரவில் உயர்ந்த மரத்தில் அடையும். விடிந்ததும் இறங்கி இரண்டு, மூன்று மணி நேரம் மேயும். வெயிலில் புதரில் ஒதுங்கும். மறுபடி மாலை நான்கு மணிக்கு மேல் வரும். வயலுக்குள் பறந்து இறங்குவதைவிட ஓரத்தில் இறங்கி நடந்து உள்ளே வருவதே அதிகம். ஒரு வயலில் மூன்று நாள் தீனி கிடைத்துவிட்டால் நான்காம் நாள் கூட்டத்தோடு வரும். ஆகவே தடுப்பை விதைத்த அன்றே போட வேண்டும். சேதம் கண்டபின் போடுவது பாதிப் பலன்தான்.

நெல்லில் எளிய தீர்வு நாற்றங்காலைச் சுருக்குவது. பழைய முறையில் ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் விடுகிறோம். 8 சென்டுக்கு வலை போட யாருக்கும் கட்டுப்படியாகாது. திருந்திய நெல் சாகுபடியின் பாய் நாற்றங்காலில் அதே ஒரு ஏக்கருக்கு 1 சென்ட் போதும். 1 சென்டை நைலான் வலையாலோ தென்னங்கீற்றாலோ முழுக்க மூடிவிடலாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே போட்டுக் காவலும் காக்கலாம். 14 நாளில் நட்டுவிடுவதால் காவல் நாளும் குறைகிறது. சொர்ணவாரிக்கோ சம்பாவுக்கோ நாற்று விடும்போது முயன்று பாருங்கள். விதைச் செலவு குறைவது கூடுதல் இலாபம்.

மல்லாட்டையில் முதல் பத்து நாளும், காய் முற்றும் கடைசி மூன்று வாரமும்தான் ஆபத்து. விதையை 4 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு நன்றாக மண் மூடுங்கள். மேலாகக் கிடக்கும் ஒரு விதைதான் மயிலுக்கு வரிசையையே காட்டிக்கொடுக்கிறது. வயலைச் சுற்றி, பத்தடிக்கு ஒரு குச்சி நட்டு, சிவப்பும் வெள்ளியுமாக மின்னும் ஒளிப்பிரதிபலிப்பு ரிப்பனை முறுக்கிக் கட்டுங்கள். முறுக்கினால்தான் காற்றில் சத்தம் வரும். பலரும் இதை ஆள் உயரத்தில் கட்டிவிட்டு, பலனில்லை என்கிறார்கள். மயில் நடந்து வரும் பறவை. முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று என்று இரண்டு வரிசை வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது நன்றாகவே வேலை செய்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குள் மயில் நடந்து போகத் தயங்கும். நம் கடற்கரைக் குப்பங்களில் கழித்துப்போட்ட மீன்வலை மலிவாகக் கிடைக்கும். நான்கடி உயரத்துக்கு அதைக் கட்டலாம். ஆனால் தடித்த நூல் வலையாக இருக்கட்டும், விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மெல்லிய தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். அதில் மயில் கால் சிக்கிச் செத்தால், வேலி கட்டினேன் என்று நீங்கள் சொல்வீர்கள், கண்ணி வைத்தாய் என்று வழக்கு எழுதுவார்கள்.

தட்டு தட்டுவது, நாயோடு ஒரு நடை நடப்பது, தகரம் கட்டுவது எல்லாம் விடியற்காலையில் செய்தால் பலன் உண்டு. எட்டு மணிக்குப் போய்ப் பயனில்லை. வெடி வேண்டாம், ஊசுடு ஏரிப் பக்கம் உள்ளவர்கள் அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம். கொல்லை ஓரப் புதரை வெட்டுவதும் நல்லதுதான், மயில் ஒதுங்க இடமில்லாமல் போகும். வெட்டுமுன் உள்ளே முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தென்னிந்தியாவில் ஏப்ரல், மே மாதங்களில் மயில் அதிகம் முட்டையிடும். அடைகாக்க 28 நாள் ஆகும். முட்டை இருந்தால் அந்தப் புதரை மட்டும் ஒரு மாதம் விட்டுவைக்கலாம்.

எல்லாவற்றையும்விட, நான்கு பேர் சேர்ந்து செய்யும் ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நான்கைந்து நாளுக்குள் விதைத்து முடித்துவிடுங்கள். முதலில் விதைத்தவர் கொல்லையும் கடைசியில் விதைத்தவர் கொல்லையும்தான் முழு அடியையும் வாங்குகின்றன. எல்லாம் ஒன்றாக முளைத்தால் சேதம் பரவிக் குறையும். காவலுக்கும் முறை வைத்துக்கொள்ளலாம்.

சேதம் நடந்துவிட்டால் அன்றே படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பு பதியும்படி வைத்து, தேதியோடு எடுங்கள். உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலும் வனத்துறையிலும் எழுதிக்கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தைக் கூடுதல் பாதுகாப்பாக 2026 காரீப் பருவத்திலிருந்து சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுச் செயலியில், இடக்குறிப்புள்ள படத்தோடு தெரிவிக்க வேண்டும். எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் என்ற பட்டியலை அந்தந்த மாநில அரசுதான் அறிவிக்கும். அந்தப் பட்டியலில் மயில் இருக்கிறதா, உங்கள் பகுதி இருக்கிறதா என்று பிரீமியம் கட்டும்போதே உழவர் உதவியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி ஊர் விவசாயிகள் சேர்ந்து, தட்டாஞ்சாவடியில் உள்ள வேளாண் துறை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனுவோடு போன போகத்துச் சேதப் படங்களையும், சர்வே எண், பரப்பு, விதைத்த தேதி எழுதிய ஒரு தாளையும் இணையுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை யாரும் கோப்பில் வைக்க முடியாது.